டேங்க், பாம்பர்மேன் மாதிரி ஆட்டங்களின் புது வடிவம்: பழைய லேப்டாப்பில் எது ஓடும்?

கல்மண்டபம்காரன்:
தலைவர்களே, ஒரு உதவி. டிவியில் காசெட் சொருகி டேங்க், பாம்பர்மேன், பேக்மேன் ஆடிய ஆள் நான். இப்போது பையனும் பொண்ணும் லீவில் வீட்டில் இருக்கிறார்கள், போனில் அதே பெயரைப் போட்டுத் தேடி இறக்கினால் ஒரு ஸ்டேஜ் முடிவதற்குள் விளம்பரம், செத்துவிட்டால் இன்னொரு விளம்பரம். பழைய ஆட்டத்தையே கம்ப்யூட்டரில் ஓட்டும் எமுலேட்டர் எனக்குத் தெரியும், அது வேண்டாம். ஆட்டம் அதேதான், ஆனால் புதிதாகச் செய்தது, இரண்டு பேர் சேர்ந்து ஆடுவதாக இருந்தால் சொல்லுங்கள். லேப்டாப் 4 ஜிபி ராம், கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது.

வியாசை_வி:
காசு கொடுக்கத் தயார் என்றால் பேக்மேன் சாம்பியன்ஷிப் எடிஷன் டிஎக்ஸ். 1980இல் பேக்மேனை உருவாக்கிய தோரு இவதானியே 2007இல் வந்த முதல் சாம்பியன்ஷிப் எடிஷனிலும் வேலை செய்தார், டிஎக்ஸ் அதற்கு அடுத்தது. பாதை இரண்டு பாதியாக இருக்கும், ஒரு பக்கத்துப் புள்ளிகளைத் தின்று முடித்தால் மறுபக்கம் பழம் வரும், பழத்தைத் தின்றால் காலியான பக்கம் புது வடிவத்தில் நிரம்பும். தூங்குகிற பேய்களின் பக்கத்தில் போனால் எழுந்து பின்னாலேயே ரயில் பெட்டி மாதிரி வரும், கடைசியில் திரும்பி வரிசையாக விழுங்கலாம், அந்தச் சுகமே தனி. டெட்ரிஸ் எஃபெக்டும் அருமைதான், ஆனால் உங்கள் லேப்டாப் தாங்காது.

மின்ட்_பஸ்_ஸ்டாண்ட்:
வியாசை ப்ரோ, அவர் கேட்டது இரண்டு பேருக்கு! டிஎக்ஸ் தனியாக ஆடுவது.

அண்ணே, பெயரை வைத்துத் தேடாதீர்கள். பெயரும் படங்களும் கம்பெனியுடையவை, ஆட்டத்தின் விதியை அப்படி யாரும் பூட்டி வைக்க முடியாது, அதனால் இலவசமாகச் செய்கிறவர்கள் பெயரைக் கொஞ்சம் மாற்றித்தான் வைப்பார்கள். 'ஓபன் சோர்ஸ் குளோன்' (நிரலைத் திறந்து வைத்துச் செய்த நகல் ஆட்டம்) என்று சேர்த்துத் தேடுங்கள். பாம்பர்மேனுக்கு பாம்பர்மான் என்றே ஒன்று இருக்கிறது, ஆங்கிலத்தில் கடைசி 'என்' எழுத்துக்கு முன்னால் மூன்று 'ஏ' போட்டுத் தேட வேண்டும், ஒரே கீபோர்டில் ஆடலாம். பபிள் சுடும் ஆட்டத்துக்கு ஃப்ரோசன் பபிள். டேங்க் என்று நாம் சொல்வது நாம்கோவின் 1985 பேட்டில் சிட்டி, அதை ரியாக்ட் என்ற வெப் நிரல் கருவியில் எழுதி, நிரல்களைப் பகிரும் கிட்ஹப் தளத்தில் போட்டிருக்கிறார்கள், பிரவுசரிலேயே ஓடும், ஸ்டேஜை நாமே கட்டவும் வசதி இருக்கிறது.

ஒரு விஷயம், லேப்டாப் கீபோர்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நாலைந்து கீ அழுத்தினால் சிலது பதிவாகாது, அப்புறம் உங்கள் வீட்டில் சண்டைதான். பாம்பர்மானுக்காவது ஒரு யுஎஸ்பி ஜாய்ஸ்டிக் வாங்கிவிடுங்கள்.

பெரம்பூர்_லோகோ:
புதிர் ஆட்டமும் வேண்டுமென்றால் சைமன் டாதம் பஸில்ஸ் போனில் போடுங்கள். விளம்பரமே கிடையாது, நெட் இல்லாமலும் ஓடும். பார்க்க அழகாக இருக்காது, முன்னாடியே சொல்லிவிடுகிறேன். மண்ணைத் தோண்டி வைரம் எடுக்கும் போல்டர் டாஷ், பெட்டி தள்ளும் சொகோபான் பிடிக்கும் என்றால் ராக்ஸ் அண்ட் டயமண்ட்ஸ், ஆயிரக்கணக்கில் லெவல் கிடக்கிறது.

கல்மண்டபம்காரன்:
நன்றி மக்களே. டேங்க் ஓடுகிறது! பையன் நாம் காக்க வேண்டிய கழுகைக் காப்பாற்றாமல் அக்கா வண்டியையே சுட்டுக்கொண்டிருக்கிறான். ஜாய்ஸ்டிக் ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கலாமா, பர்மா பஜாரிலேயே கிடைக்குமா?

மின்ட்_பஸ்_ஸ்டாண்ட்:
உங்களுக்கு பஜார்தான் பக்கம். கடையிலேயே சொருகி எல்லா பட்டனும் வேலை செய்கிறதா பார்த்து வாங்குங்கள், வீட்டுக்கு வந்தபின் மாற்றித் தர மாட்டார்கள்.