யூரெயில் பாஸ்: முன்பதிவுச் செலவைக் குறைக்க ஆலோசனை தேவை

அனைவருக்கும் வணக்கம். அம்மா அப்பாவுடன் பாரிஸில் தொடங்கி ஸ்ட்ராஸ்பூர், பாசெல், லூசெர்ன், லுகானோ, மிலான் வழியாக வெனிஸ் வரை செல்வதற்கு, ஒரு மாதத்திற்குள் ஏதேனும் 7 நாள்கள் பல ஐரோப்பிய நாடுகளின் ரயில்களில் பயணிக்க உதவும் யூரெயில் குளோபல் பாஸ் வாங்க எண்ணியுள்ளோம். சுவிட்சர்லாந்தின் வழக்கமான ரயில்களில் பாஸ் மட்டுமே போதும். ஆனால் பிரான்ஸின் டிஜிவி, இத்தாலியின் ஃப்ரெச்சியரோசா போன்ற அதிவேக ரயில்களில் பாஸ் இருந்தாலும் இருக்கைக்குத் தனியே பணம் கட்ட வேண்டியிருப்பதால், மூவருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் செலவு கையைக் கடிக்கிறது. டிஜிவியில் பாஸ்தாரர்களுக்கான இடங்களும் குறைவு என்பது கூடுதல் கவலை.

ஆகவே பாரிஸ்–ஸ்ட்ராஸ்பூர் தடத்தில் முன்பதிவு தேவைப்படாத டிஇஆர் என்ற பிரெஞ்சு வட்டார ரயிலையும், லுகானோவிலிருந்து மிலானுக்கு, முன்பதிவு தேவைப்படும் யூரோசிட்டி விரைவு ரயிலுக்குப் பதிலாகக் கியாசோ வழியாகச் செல்லும் வட்டார ரயிலையும், அங்கிருந்து வெரோனாவில் மாறி வெனிஸுக்குச் செல்லும் வட்டார ரயில்களையும் தேர்ந்தெடுக்கலாமா என்று யோசிக்கிறோம். நேரம் கூடுதலாவது பெரிதல்ல. அம்மாவுக்கு முழங்கால் வலி இருப்பதால், பெட்டிகளுடன் படியேறி நடைமேடை மாறுவதுதான் உண்மையான சிரமம். வெரோனா போர்ட்டா நுவோவா நிலையத்தில் லிஃப்ட் வசதி எப்படி, கோடைக்கால வார இறுதிகளில் இந்த வட்டார ரயில்களில் முதியவர்களுக்கு உட்கார இடம் கிடைக்குமா, பாஸை விடுத்து முன்கூட்டியே தனிப் பயணச்சீட்டுகள் வாங்குவதே மலிவாக இருக்குமா என்பதை, இத்தடத்தில் பயணித்தவர்கள் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும்.