துப்பாக்கி பெர்மிட் மாநில எல்லை தாண்டுமா? அமெரிக்காவுக்குப் புதிதாக வந்தவர்கள் வாங்குவதற்கு முன் படியுங்கள்

டெக்ஸாஸ், ஜார்ஜியா, பென்சில்வேனியா பக்கம் வேலைக்கு வந்திருக்கும் பலரும் இப்போது ஒரே கேள்வியைக் கேட்கிறீர்கள். கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச் செல்வதற்கான கேரி பெர்மிட் இனி நாடு முழுக்கச் செல்லும் என்று சட்டம் வந்துவிட்டதாமே, காரில் வைத்துக்கொண்டு எந்த மாநிலத்துக்கும் போகலாமா என்று. நேராகச் சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு சட்டம் வரவில்லை. வந்தாலும் விசாவில் இருப்பவர்களில் பெரும்பாலானோருக்கு அது பொருந்தாது. இதை நம்பி எல்லை தாண்டினால் சிறையோடு முடியாது, கிரீன் கார்டும் சேர்ந்து போகலாம். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

முதலில் அந்த மசோதா. பெயர் எச்.ஆர். 38, ஒரு மாநிலத்தின் கேரி பெர்மிட்டை மற்ற மாநிலங்களும் ஏற்க வேண்டும் என்கிறது. புதுசும் இல்லை. 2017 டிசம்பரிலேயே பிரதிநிதிகள் சபையில் 231-198 என்று நிறைவேறி, செனட்டில் போய்க் கிடந்து காலாவதியானது. 2025 ஜனவரியில் வட கரோலினாவின் ரிச்சர்ட் ஹட்சன் அதே எண்ணில் திரும்பக் கொண்டுவந்தார், மார்ச்சில் சபையின் நீதித்துறைக் குழு அதை ஏற்று அனுப்பியது. அந்தச் செய்திதான் வாட்ஸப்பில் ‘பாஸ் ஆயிடுச்சு’ என்று சுற்றுகிறது. குழுவைத் தாண்டுவது முதல் படி மட்டும். முழுச் சபை வாக்களிக்க வேண்டும், செனட்டில் 60 பேர் சம்மதித்தால்தான் விவாதத்தை முடித்து வாக்கெடுப்புக்கே போக முடியும், அப்புறம் அதிபர் கையெழுத்துப் போட வேண்டும். இன்றைக்கு நாடு முழுக்கச் செல்லும் அனுமதி என்றால் அது போலீஸ்காரர்களுக்கும் ஓய்வுபெற்ற போலீஸ்காரர்களுக்கும் 2004இல் வந்த சட்டம் கொடுத்தது, அதற்கும் தனி நிபந்தனைகள் உண்டு. நம்மைப் போன்ற சாதாரண ஆட்களுக்கு அப்படி எதுவும் இல்லை.

சரி, விசாவுக்கு வருவோம், இதுதான் முக்கியம். எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1, ஓ-1, ஊரிலிருந்து வரும் அப்பா அம்மாவின் பி-2, எல்லாமே நிரந்தரமாகக் குடியேறாதவர்களுக்கான விசா வகைதான். அந்த விசாவில் வந்தவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். தோட்டா மட்டும் இருந்தாலும் குற்றம். 2022இல் திருத்திய பிறகு தண்டனை 15 ஆண்டு வரை போகலாம். டெக்ஸாஸில் 2021 செப்டம்பர் முதல் பெர்மிட்டே இல்லாமல் கைத்துப்பாக்கி எடுத்துச் செல்லலாம், ஃப்ளோரிடாவில் 2023 ஜூலை முதல் அப்படித்தான் என்று சக ஊழியர் சொல்வார், அவருக்கு அது சரி, உங்களுக்கு இல்லை. மாநிலம் எவ்வளவு தளர்த்தினாலும் மத்தியச் சட்டத்தின் தடை அப்படியே உங்கள் தலைமேல் இருக்கும். கம்பெனி போட்ட கிரீன் கார்டு மனு (ஐ-140) ஒப்புதலாகிப் பத்து வருடமாக வரிசையில் நிற்கிறேனே என்றால் அதுவும் எதையும் மாற்றாது, கிரீன் கார்டு கைக்கு வரும்வரை எச்-1பி எச்-1பிதான்.

ஒரு விலக்கு இருக்கிறது: ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் இந்தத் தடை பொருந்தாது. ஆன்லைனில் சில நிமிடத்தில் எடுத்துவிடலாம் என்பதால் நிறையப் பேர் இதை ஒரு குறுக்குவழியாகச் சொல்லிக்கொடுக்கிறார்கள். சட்டப்படி அது சரிதான், மறுக்கவில்லை. ஆனால் டெக்ஸாஸின் வருடாந்தர உரிமம் ஆகஸ்ட் 31 அன்று முடிந்துவிடும். புதுப்பிக்க மறந்தால் செப்டம்பர் 1 காலையில் உங்கள் அலமாரியில் இருக்கும் அதே துப்பாக்கி ஒரு மத்தியக் குற்றம். வேட்டையில் உண்மையான ஆர்வம் உள்ளவர், தேதிகளைக் கவனமாகப் பார்ப்பவர் செய்யட்டும். மற்றவர்கள் இதைத் தொட வேண்டாம் என்பதுதான் என் கருத்து.

ஷூட்டிங் ரேஞ்சுக்கு டீமோடு போவதையும் விளையாட்டு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே வாடகைக்கு ஒரு துப்பாக்கியைக் கையில் வாங்குவதும் வைத்திருப்பதுதான். 2019இல் உச்ச நீதிமன்றம் வரை போன ரெஹைஃப் வழக்கு இப்படித்தான் ஆரம்பித்தது. ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து மாணவர் விசாவில் வந்தவர், மதிப்பெண் போதாமல் ஃப்ளோரிடா கல்லூரி நீக்கிவிட்டது, அப்புறம் ஒரு ரேஞ்சில் போய்ச் சுட்டார், 18 மாதத் தண்டனை. தன் விசா நிலை அவருக்குத் தெரிந்திருந்தது என்பதையும் அரசு நிரூபிக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது, அது நல்ல தீர்ப்பு. ஆனால் இதைப் படித்த பிறகு ‘எனக்குத் தெரியாது’ என்று நீங்கள் சொல்ல முடியாது. மேலாளரிடம் விசா காரணமாக வரவில்லை என்று சொல்லுங்கள், யாரும் தப்பாக நினைக்கமாட்டார்கள்.

இப்போது கிரீன் கார்டு கிடைத்தவர்கள். உங்களுக்கு மத்தியத் தடை இல்லை, வாங்கலாம், உங்கள் மாநில விதிப்படி பெர்மிட்டும் எடுக்கலாம். சிக்கல் எல்லையில் தொடங்குகிறது. டிரைவிங் லைசென்ஸை எல்லா மாநிலமும் ஏற்பது போல இதையும் ஏற்கும் என்ற நினைப்புத்தான் ஆட்களை மாட்டிவிடுகிறது. பெர்மிட் இல்லாமலே அனுமதிக்கும் மாநிலங்கள் 29 ஆகிவிட்டன, மறுபக்கம் நியூ ஜெர்சி, நியூ யார்க், கலிஃபோர்னியா, இல்லினாய், மேரிலாந்து, மாசசூசெட்ஸ் வேறு எந்த மாநிலத்தின் பெர்மிட்டையும் ஏற்பதில்லை. நியூ யார்க் நகரத்துக்குள் நியூ யார்க் மாநிலத்தின் பெர்மிட்டே தனி ஒப்புதல் இல்லாமல் செல்லாது! 2022இல் உச்ச நீதிமன்றம் புரூயன் தீர்ப்பில் பொது இடத்தில் துப்பாக்கி எடுத்துச் செல்வது அரசியல் சாசன உரிமை என்று சொன்ன பிறகும் இது மாறவில்லை. தகுந்த காரணம் காட்டினால்தான் பெர்மிட் என்ற விதியைத்தான் அது தள்ளியது, அடுத்த மாநிலத்தின் பெர்மிட்டை ஏற்றே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை.

2013இல் நடந்ததைச் சொல்கிறேன். ஃபிலடெல்ஃபியாவில் இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்க்கும் ஒரு பெண், முறையாகப் பென்சில்வேனியா பெர்மிட் வாங்கியவர், நியூ ஜெர்சிக்குள் போகும்போது சாதாரணப் போக்குவரத்து விதிக்காகப் போலீஸ் நிறுத்தியது. அவரே முன்வந்து, என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, இதோ பெர்மிட் என்றார். கைது செய்தார்கள். ஒரு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்தார், குறைந்தது மூன்றரை ஆண்டு உள்ளே இருக்க வேண்டிய பிரிவில் வழக்கு. பெரிய எதிர்ப்பு கிளம்பிய பிறகு வழக்கைச் சிறைக்குப் பதில் நிபந்தனைகளோடு விடும் திசைமாற்றுத் திட்டத்துக்கு அனுப்பினார்கள், 2015 ஏப்ரலில் ஆளுநர் கிறிஸ் கிறிஸ்டி மன்னிப்பு வழங்கினார். நல்லபடியாக முடிந்தது என்று சொல்லலாம், ஆனால் அவர் அமெரிக்கக் குடிமகள். அதே இடத்தில் கிரீன் கார்டோடு நீங்கள் இருந்தால் கதை வேறு. குடியேற்றச் சட்டத்தில் துப்பாக்கிக் குற்றத்துக்கு என்றே தனிப் பிரிவு இருக்கிறது. நாட்டுக்குள் வந்து எத்தனை வருடம் ஆகியிருந்தாலும், சட்டவிரோதமாக வைத்திருந்ததாக ஒரே ஒரு தண்டனை வந்தால் நாடு கடத்த அது போதும். வீடு வாங்கியிருப்பது, பிள்ளைகள் இங்கே பிறந்தது எதுவும் அந்தப் பிரிவைத் தடுக்காது. குற்றத்தை ஒப்புக்கொண்டு நன்னடத்தையில் விட்டுப் பின்னால் பதிவை அழித்துவிட்டாலும், குடியேற்றச் சட்டம் பல நேரம் அதைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளும்.

அதனால் யாராவது இதில் மாட்டினால் குற்றவியல் வக்கீல் ‘சின்னதாக ஒப்புக்கொண்டு முடித்துவிடலாம்’ என்று சொன்னவுடன் கையெழுத்துப் போடாதீர்கள், குடியேற்ற வக்கீல் ஒருவரையும் அதே நாளில் பிடியுங்கள். ஒப்புக்கொண்டால் நாடு கடத்தலாமா என்பதை வக்கீல் தன் கட்சிக்காரருக்குச் சொல்லியே ஆக வேண்டும் என்று 2010இல் பாடிலா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. கேளுங்கள், கேட்பது உங்கள் உரிமை.

அப்போ துப்பாக்கியோடு வீடு மாறுவது எப்படி என்றால், 1986 சட்டம் ஒன்று பாதி வழி உதவுகிறது. கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் நீங்கள் சட்டப்படி வைத்து எடுத்துச் செல்லலாம் என்றால், நடுவில் இருக்கும் மாநிலத்தைக் கடந்து போகலாம். தோட்டா நிரப்பாமல், துப்பாக்கியும் தோட்டாவும் டிக்கியில், கைக்கு எட்டாமல் இருக்க வேண்டும். டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவி, வேன் என்றால் பூட்டிய பெட்டியில், அந்தப் பெட்டி கிளவ் பாக்ஸாகவோ சீட்டுகளுக்கு நடுவில் இருக்கும் கன்சோலாகவோ இருக்கக் கூடாது. கடந்து போகத்தான் பாதுகாப்பு, தங்க இல்லை. 2005இல் யூட்டாக்காரர் ஒருவர் நியூ ஜெர்சியின் நூவர்க்கில் விமானம் மாற வேண்டியது, இணைப்பைத் தவறவிட்டு, தன் பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டு ஒரு ராத்திரி ஹோட்டலில் தங்கினார். மறுநாள் விமான நிலையத்தில் பெட்டியில் துப்பாக்கி இருக்கிறது என்று அவரே சொன்னதும் கைது, 10 நாள் சிறை. குற்றச்சாட்டைப் பின்னால் கைவிட்டார்கள். ஆனால் ராத்திரி முழுக்கப் பெட்டி கைக்கு எட்டும் இடத்தில் இருந்ததால் 1986 சட்டம் அவரைக் காப்பாற்றாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2010இல் தீர்ப்பளித்தது. நியூ ஜெர்சி எடிசனில் மாமா வீட்டில் ராத்திரி தங்கிவிட்டுப் போகலாம் என்ற திட்டத்தை இதோடு சேர்த்து யோசியுங்கள்.

இன்னொன்று நிறையப் பேருக்குத் தெரியாது. பள்ளியிலிருந்து 1,000 அடிக்குள் துப்பாக்கி கூடாது என்ற மத்தியச் சட்டத்தில், அந்தப் பள்ளி இருக்கும் மாநிலமே கொடுத்த பெர்மிட் இருந்தால்தான் விலக்கு. பக்கத்து மாநிலம் உங்கள் பெர்மிட்டை ஏற்றுக்கொண்டாலும் இந்த விலக்கு வராது. ஊருக்குள் கார் ஓட்டினால் பள்ளியைக் கடக்காமல் எப்படிப் போவீர்கள்? பூட்டிய பெட்டியில், தோட்டா இல்லாமல் வைப்பதுதான் வழி.

என் நிலைப்பாட்டையும் சொல்லிவிடுகிறேன், கேட்டிருந்தீர்கள். அந்த ஃபிலடெல்ஃபியா பெண்ணுக்கு நடந்தது அநியாயம். நேர்மையாகப் பெர்மிட் வாங்கி, போலீஸிடம் தானே சொன்னவரைச் சிறையில் தள்ளும் சட்டம் மாற வேண்டும், அவருக்கு எச்சரிக்கையோ அபராதமோ போதும். அதற்காக எச்.ஆர். 38 போல ஒரே வரியில் எல்லா எல்லையையும் திறப்பதை நான் ஏற்கவில்லை. நியூ யார்க் 16 மணி நேர வகுப்பும் 2 மணி நேரச் சுடும் பயிற்சியும் கேட்கிறது, பென்சில்வேனியா பயிற்சியே கேட்பதில்லை, பெர்மிட்டே வேண்டாம் என்ற மாநிலக்காரருக்கும் இந்த மசோதா அதே உரிமையைக் கொடுக்கிறது. கூட்ட நெரிசலான ரயிலில் என் பிள்ளைகளோடு போகிறவன் என்ற முறையில் எனக்குப் பயிற்சி முக்கியம். மாற்றுக் கருத்து உள்ளவர்கள் எழுதுங்கள்.

கீழே கருத்துப் பகுதியில் கேட்டவர்களுக்கு:

கணவருக்குக் கிரீன் கார்டு, நான் எச்-4 என்று கேட்ட சகோதரிக்கு: அவர் வைத்திருக்கலாம். ஆனால் பெட்டியின் சாவியோ எண்ணோ உங்களிடம் இருக்கக் கூடாது, அவர் துப்பாக்கியை வைத்திருக்கும் காரை நீங்கள் தனியாக ஓட்டக் கூடாது. உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தது என்று அரசு வாதாட அது இடம் கொடுக்கும். அறையைப் பகிர்ந்து இருக்கும் பேச்சிலர் தம்பிகளுக்கும் இதேதான்.

போலீஸ் நிறுத்தினால் துப்பாக்கி இருப்பதைச் சொல்ல வேண்டுமா என்று கேட்ட தம்பிக்கு: மாநிலத்துக்கு மாநிலம் மாறும். மிச்சிகனில் உடனே சொல்லியாக வேண்டும், வேறு சில இடங்களில் கேட்டால் மட்டும். எங்கே இருந்தாலும் இரண்டு கையும் ஸ்டியரிங்கில் தெரியும்படி வைத்துவிட்டு, கிளவ் பாக்ஸ் பக்கம் கையை நீட்டாமல் பேசுங்கள்.

நயாகரா பார்த்துவிட்டுக் கனடாவின் ஸ்கார்பரோவில் சித்தப்பா வீட்டுக்குப் போகிறோம் என்று எழுதியவருக்கு: துப்பாக்கியை வீட்டிலேயே பூட்டி வைத்துவிட்டுக் கிளம்புங்கள். நயாகராவுக்கே நியூ யார்க் மாநிலம் வழியாகத்தான் போக வேண்டும், கனடாவில் எந்த அமெரிக்க மாநிலத்தின் கேரி பெர்மிட்டும் செல்லாது, 2022 அக்டோபர் முதல் அங்கே கைத்துப்பாக்கி விற்பனையையே நிறுத்திவைத்திருக்கிறார்கள். போன மாதம் ரேஞ்சுக்குப் போன பையின் மூலையில் தோட்டா ஏதாவது தங்கியிருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.