ஜெபித்த பிறகும் பயம் போகவில்லை, மகளுக்கு என்ன சொல்வது?

என் மகளுக்கு 8 வயது. மூன்று வாரமாக ராத்திரி சரியான தூக்கமே இல்லை. தாத்தா பார்த்துக்கொண்டிருந்த செய்தியில் போர், கலவரம் என்று எதையோ பார்த்துவிட்டாள், அன்றிலிருந்து விளக்கை அணைக்க விடுவதில்லை, காலையில் வயிறு வலிக்கிறது என்கிறாள், டாக்டர் பார்த்துவிட்டு உடம்பில் ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார். நேற்று அவள் கட்டிலுக்குக் கீழே ஒரு பை கிடந்தது. திறந்தால் இரண்டு உடுப்பு, ஒரு டார்ச், தம்பியின் கரடி பொம்மை. ஓட வேண்டி வந்தால் எடுத்துக்கொள்ளவாம்.

அவள் விழித்திருக்கும்போது இப்போது செய்தி வைப்பதில்லை (பள்ளியில் பிள்ளைகள் பேசுவதை என்ன செய்ய?). படுக்கும் முன் பைபிளில் உள்ள 23ஆம் சங்கீதம் சேர்ந்து சொல்கிறோம். 46ஆம் சங்கீதமும் வாசித்தேன், அது தப்பாகப் போயிற்று, மலைகள் கடலில் சாய்கிற இடத்திலேயே அழ ஆரம்பித்துவிட்டாள். அப்புறம், பைபிளில் 1 தீமோத்தேயு 2ஆம் அதிகாரத்தில் ஆளுகிறவர்களுக்காக ஜெபிக்கச் சொல்லியிருக்கிறதே என்று தலைவர்களுக்காகவும் ஜெபித்தோம். அது மட்டும் கொஞ்சம் உதவியது, தானும் ஏதோ செய்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கும் போல.

ஆனால் "இயேசு நம்மைப் பார்த்துக்கொள்வார்" என்றதும் கேட்டாள்: "அந்த ஊர்ப் பிள்ளைகளும் ஜெபம் பண்ணியிருப்பாங்கதானே அம்மா?" எனக்கு வாயே வரவில்லை. ஒன்றும் ஆகாது என்று பொய் சொல்லவும் மனசில்லை.

உங்கள் பிள்ளை இந்தக் கேள்வியைக் கேட்டபோது நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள்?