மூன்றாவது கூட்டில் 3எஃப் ஏன் கிடையாது?

பிளஸ்ஒன் மாணவி:
அணுவில் எலக்ட்ரானின் நிலையைச் சொல்லும் குவாண்டம் எண்கள் நான்கும் மனப்பாடம், கணக்கும் போட வருகிறது. ஆனால் முதன்மை எண் (கூட்டின் எண்) 3 என்றால் கோண உந்த எண் 0 (எஸ்), 1 (பி), 2 (டி) மட்டும்தானாம், 3 (எஃப்) வரவே கூடாதாம். ஏன் என்று கேட்டால் விதி என்கிறார்கள். அப்புறம் தற்சுழற்சி எண் மட்டும் ஏன் முழு எண்ணாக இல்லாமல் ½ என்று வருகிறது?

அலைச்சமன்பாடு:
கணுவை எண்ணிப் பாருங்கள், விளங்கிவிடும். எலக்ட்ரானின் அலை பூஜ்யமாகும் இடம்தான் கணு. ஒரு ஆர்பிட்டாலில், அதாவது அணுவில் எலக்ட்ரான் அலையின் ஒரு வடிவத்தில், மொத்தக் கணுக்கள் முதன்மை எண்ணைவிட ஒன்று குறைவு. அதில் கோண உந்த எண் எவ்வளவோ அத்தனை கணுக்கள் கருவின் வழியே போகும் தளமாகவோ கூம்பாகவோ இருக்கும் (இவை கோணக் கணுக்கள்), மீதியெல்லாம் கருவைச் சுற்றிய கோளம். 3எஸ்-க்கு இரண்டும் கோளம். 3பி-க்கு ஒரு தளம், ஒரு கோளம். 3டி-க்குக் கோளமே மிஞ்சாது. 3எஃப் வேண்டுமென்றால் கோணக் கணுவே மூன்று தேவை, இருப்பதோ மொத்தம் இரண்டு. அதனால்தான் எஃப் என்பதே 4எஃப்-இல் தொடங்குகிறது.

காந்தப்புலம்:
தற்சுழற்சிக்கு நான் சொல்கிறேன். ஆர்பிட்டாலின் திசையைச் சொல்லும் காந்த எண்ணுக்கு எத்தனை மதிப்பு வரும்? கோண உந்த எண்ணின் இரு மடங்கு கூட்டல் ஒன்று: எஸ்-க்கு 1, பி-க்கு 3, டி-க்கு 5, எப்போதுமே ஒற்றைப்படை. 1922இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் ஸ்டெர்னும் கெர்லாக்கும் வெள்ளி அணுக்களைச் சீரற்ற காந்தப்புலத்தின் வழியே விட்டார்கள், கற்றை இரண்டாகப் பிரிந்தது. வெள்ளியின் வெளி எலக்ட்ரான் 5எஸ், கோண உந்தம் பூஜ்யம், ஆகவே அந்தக் கணக்குப்படி அது பிரியவே கூடாது! இரண்டு வர வேண்டுமென்றால் இரு மடங்கு கூட்டல் ஒன்று என்ற அதே கணக்கில் ½ போட்டால்தான் வரும். எலக்ட்ரானுக்குத் தற்சுழற்சி உண்டு என்று ஊலன்பெக்கும் கவுட்ஸ்மிட்டும் சொன்னது 1925இல்தான்.

பிளஸ்ஒன் மாணவி:
இப்போது புரிகிறது, ரொம்ப நன்றி சார். அப்படியானால் பொட்டாசியத்தில் 19ஆவது எலக்ட்ரான் 3டி-யை விட்டு 4எஸ்-க்குப் போவதும் கணுவால்தானா?

அலைச்சமன்பாடு:
ஓரளவு ஆமாம். ஹைட்ரஜனில் ஒரே கூட்டின் எஸ், பி, டி எல்லாம் கிட்டத்தட்ட ஒரே ஆற்றல்தான். எலக்ட்ரான்கள் பல இருந்தால் கதை மாறும்: 4எஸ்-க்குக் கோளக் கணு மூன்று, அவற்றுக்கு உள்ளேயும் கருவை ஒட்டி அந்த அலை கொஞ்சம் இருக்கிறது, அதனால் கருவின் இழுப்பு அதற்கு நன்றாகக் கிடைக்கிறது. 3டி-க்கு அந்த வசதி இல்லை. ஆனால் ஒன்று, ஸ்காண்டியம் அயனியாகும்போது முதலில் வெளியேறுவதும் 4எஸ் எலக்ட்ரான்தான். தேர்வில் நிறையப் பேர் 3டி-யிலிருந்து எடுத்துவிடுகிறார்கள், பார்த்து எழுதுங்கள்.