கப்பலில் இறந்த பூட்டனை எங்கே அடக்கினார்கள் என்று எப்படித் தேடுவது?

வள்ளவிளைக்காரி:

எங்கள் ஊர் வள்ளவிளை. குமரி மாவட்டத்தின் மேற்கு ஓரம், நீரோடி தாண்டினால் கேரளம். பாட்டிக்குத் தொண்ணூறு நெருங்குகிறது. அவளுடைய அப்பா, அதாவது என் பூட்டன், கல்கத்தாவில் கப்பல் ஏறியவர். சமையல்கட்டில் பண்டாரி வேலை. பாட்டி சின்னப் பிள்ளையாக இருக்கும்போதே இறந்துவிட்டார் என்று செய்தி வந்தது. உடல் வரவில்லை. ஒரு சித்தப்பா, ரங்கூனில் காய்ச்சல் கண்டு செத்தார் என்பார். இன்னொருவர் கப்பலோடு போனார் என்பார்.

போன கல்லறைத் திருநாளில் பாட்டி என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு, "அப்பனை மண்ணுல வச்சாங்களா, தண்ணியில விட்டாங்களா, அதையாவது கேட்டுச் சொல்லு மக்களே" என்றாள். அதற்காகத்தான் இங்கே எழுதுகிறேன்.

கையில் இருப்பது இரண்டே சாதனங்கள். ஒன்று பூட்டியின் ஜெபப் புத்தகம். பின்னட்டைக்கு உள்பக்கம் மலையாளத்தில் "1117 மீனம்" என்று எழுதி, கீழே "கப்பலில் மரிச்சு" என்று இருக்கிறது. நாளைப் பூச்சி அரித்துவிட்டது. மற்றொன்று கல்கத்தாவிலிருந்து வந்த மணியார்டர் கூப்பன். ஊதா மை முத்திரையில் ஊர்ப் பெயரைத் தவிர எதுவும் படிக்க முடியவில்லை. சம்பளப் பாக்கி என்று பாட்டி சொல்கிறாள்.

பங்குக் கோயிலில் அடக்கப் பதிவேட்டைப் பார்க்கச் சொல்லிக் கேட்டேன். அவர் பெயர் இல்லை. ஆண்டுப் பூசைக்கும் எங்கள் வீட்டில் தேதி கிடையாது, உயிர்ப்பு ஞாயிறு கழிந்த திங்களில்தான் வைப்பது வழக்கம். ஒரு வருஷம் மார்ச்சில் வரும், ஒரு வருஷம் ஏப்ரலில் வரும். இதற்கு மேல் எங்கே போவது?

குளச்சல் பழைய மாலுமி:

தங்கச்சி, அந்தப் பூசை வழக்கம்தான் உன் கையில் இருப்பதிலேயே பெரிய சாதனம். கொல்லம் ஆண்டு 1117 மீனம் என்றால் 1942 மார்ச் பாதி முதல் ஏப்ரல் பாதி வரை. அந்த வருஷம் உயிர்ப்பு ஞாயிறு ஏப்ரல் 5. அன்று காலையில்தான் ஜப்பான் விமானங்கள் கொழும்பில் குண்டு போட்டன. மறுநாள் திங்கள், ஏப்ரல் 6, ஜப்பானியப் போர்க்கப்பல்கள் ஒடிசாக் கரைக்கு வெளியே சரக்குக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாக மூழ்கடித்தன. கல்கத்தாவில் கூட்டமாகக் கிடந்தால் ஆபத்து என்று கடலுக்கு அனுப்பப்பட்ட கப்பல்கள் அவற்றில் பல. பிரிட்டிஷ் இந்தியா என்ற கப்பல் கம்பெனியின் மால்டா, இந்தோரா இரண்டும் அன்று போனவைதான்.

உங்கள் வீட்டில் தேதியை மறந்திருக்கலாம், திங்களை மறக்கவில்லை. ஆனாலும் இதை வைத்தே முடிவு கட்டிவிடாதே. காய்ச்சலில் இறந்து கடலில் விட்டிருக்கவும் வாய்ப்புண்டு. அப்படியானால் கப்பல் தலைவர் தன் குறிப்பேட்டில் இறந்த நாளையும் கப்பல் நின்ற இடத்தையும் எழுதியிருப்பார். போர்க்காலக் குறிப்பேடுகளும் ஆள் ஒப்பந்தத் தாள்களும் லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில், பிடி 381 என்ற வரிசையில் இருக்கின்றன. கப்பல் பெயர் தெரியாமல் அதில் இறங்க முடியாது. கப்பலே மூழ்கியிருந்தால் அதிலிருந்த குறிப்பேடும் கூடவே போயிருக்கும்.

அதனால் முதலில் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடு. காசு வேண்டாம். போரில் கடலில் போன இந்திய மாலுமிகளுக்கு மும்பை, சிட்டகாங் நினைவேடு என்று தனியாக உண்டு. லண்டன் டவர் ஹில் நினைவிடத்தில் தேடி நேரத்தைப் போக்காதே. பெயரை மட்டும் நம்பாமல் நாளை வைத்துத் தேடு. நம்மவர் பெயரை எழுத்தர் காதில் விழுந்தபடிதான் எழுதியிருப்பார், இன்னாசி என்ற ஒரு பெயரையே எத்தனையோ விதமாகக் கண்டிருக்கிறேன். பணி என்ற இடத்தில் பண்டாரி என்று இருக்கிறதா பார். தகப்பன் பெயரோ ஊர்ப் பெயரோ கூட இருந்தால் உன் அதிர்ஷ்டம்.

பூவார் பங்குப் பதிவேடு:

நான் எங்கள் பங்கில் பழைய ஏடுகளைப் படியெடுக்க உதவுகிறவன். அடக்கப் பதிவேட்டில் பெயர் இல்லாததில் ஆச்சரியமில்லை அக்கா. அந்தப் பங்கின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கியவரைத்தான் அதில் எழுதுவார்கள். கடலில் போனவருக்குப் பூசை வைத்திருப்பார்கள், அடக்கம் நடந்திருக்காது.

ஒன்று கேட்கட்டுமா? பூட்டி மறுகட்டு கட்டினார்களா? கட்டியிருந்தால் முதல் கணவர் இறந்ததற்குச் சான்று காட்டாமல் எந்தக் குருவானவரும் கல்யாணம் நடத்தி வைத்திருக்க மாட்டார். உடல் கிடைக்காத மரணம் என்றால் அவர் தானாக முடிவு செய்ய முடியாது, மறைமாவட்டத்துக்கு எழுதி அனுமதி வாங்க வேண்டும். அந்தக் கடிதத்தோடு கப்பல் கம்பெனியின் தாளோ துறைமுக ஆபீசின் தாளோ சேர்ந்திருக்க இடமுண்டு.

வள்ளவிளைக்காரி:

ஆமாம், கட்டினார்கள். பாட்டியிடம் கேட்டேன். அவளுக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிருக்கும்போது பூட்டியைப் பூவாரில் கொடுத்தார்களாம். பாட்டியைத் தாய்மாமன் வீட்டில் விட்டுப் போயிருக்கிறார்கள், இத்தனை நாள் அதைப் பற்றி அவள் வாய் திறந்ததே இல்லை. திங்கள் கணக்கைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். அப்புறம், "அது சரிதான், எங்கம்மை திங்களாழ்ச்சை உலை வைக்கமாட்டா" என்றாள். இதுவும் எனக்குப் புதிது.

அண்ணே, ஆணையத் தளத்தில் இன்றைக்கே தேடுகிறேன். பூவார்த் தம்பி, எங்கள் ஊர் கோட்டாறு மறைமாவட்டம் இல்லையே, திருவனந்தபுரம்தானே? அங்கே எழுதினால் போதுமா?

பூவார் பங்குப் பதிவேடு:

இன்றைக்குத் திருவனந்தபுரம்தான். ஆனால் பள்ளித்துறை முதல் இரவிபுத்தன்துறை வரை உள்ள கடற்கரைப் பங்குகள் 1955 வரை கொச்சி மறைமாவட்டம். மறுகட்டு 1947, 48 வாக்கில் என்றால் அனுமதிக் கடிதம் கொச்சிக்குப் போயிருக்க வேண்டும். இரண்டு இடத்துக்கும் எழுதுங்கள். ஏடு போர்த்துகீசியத்திலோ லத்தீனிலோ இருந்தால் பயப்பட வேண்டாம், படம் எடுத்து அனுப்புங்கள், வாசித்துச் சொல்கிறேன்.

அதற்கு முன்னால் உங்கள் ஊரிலேயே பூட்டியின் ஞானஸ்நானப் பதிவைப் பாருங்கள். கல்யாணம் நடந்த கோயிலையும் நாளையும் அதன் ஓரத்தில் குறிப்பது சபை முறை. அந்த நாள் கிடைத்தால் எனக்கு அனுப்புங்கள், எங்கள் கல்யாண ஏட்டை நானே எடுத்துப் பார்க்கிறேன்.