ஓடையில் பாசி: காரணம் கழிவுநீரா, வயல் உரமா? எப்படிக் கண்டுபிடிப்பது?

வணக்கம். எங்கள் சின்ன நகரத்தின் சுத்திகரிப்பு நிலையம் தண்ணீரை விடும் ஓடையில் கோடைதோறும் பாசி மண்டிவிடுகிறது. விடியும் நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. இரவெல்லாம் பாசியும் ஆக்ஸிஜனை இழுத்துக்கொள்வதால் விடிவதற்கு முன்தான் தண்ணீரில் ஆக்ஸிஜன் அளவு மிகவும் குறைந்திருக்கும். மதியம் அளந்தால் எல்லாம் சரியாக இருப்பதுபோலத்தான் தெரியும்.

நிலையத்தில் நுண்ணுயிர்கள் கரிமக் கழிவைத் தின்றுவிடுகின்றன. ஆனால் பாசியை வளர்க்கும் சத்தான பாஸ்பரஸைத் தனியாகப் பிரிக்கும் ஏற்பாடு இல்லை. அதேசமயம் மேட்டுப் பக்கம் வயல்களும் இருக்கின்றன, மழையில் பாஸ்பரஸ் உள்ள உரம் அடித்துக்கொண்டு வரும். அதனால் சோதிக்காமல் யார்மேலும் பழி போட எனக்கு மனமில்லை.

கழிவுநீர் விழும் குழாய்க்கு மேலேயும் கீழேயும், வறண்ட நாளில் ஒருமுறை, மழை பெய்த கையோடு ஒருமுறை மாதிரி எடுக்கலாம் என்றிருக்கிறேன். வறண்ட நாளில் கீழே மட்டும் பாஸ்பரஸ் எகிறினால் குழாயைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். எவ்வளவு தூரம் தள்ளி எடுத்தால் தண்ணீர் நன்றாகக் கலந்திருக்கும்? மாதிரியை ஐஸில் வைத்தால் போதுமா, அமிலமும் சேர்க்க வேண்டுமா? அப்புறம், அம்மோனியாவையும் பி.எச். அளவையும் (தண்ணீரின் அமில-காரத் தன்மை) ஒரே நேரத்தில் பார்ப்பது நல்லதா? பி.எச். ஏற ஏற அம்மோனியா மீன்களுக்கு அதிக விஷமாகும் என்பதால் கேட்கிறேன்.