மெக்சிக்கோ முறையில மாட்டிறைச்சி சுடுறது, எந்தப் பகுதியை கேட்டு வாங்கிறது?

பின்வளவான்:
வணக்கம் உறவுகளே, நத்தாருக்கு கனடாவில இருந்து மச்சான் ஆக்கள் வருகினம். வழமையா கோழிதான் சுடுறனாங்கள், இந்த முறை மெக்சிக்கோக்காரர் மாதிரி மாட்டிறைச்சி சுடுவம் எண்டு யோசிக்கிறன். வீடியோக்களில அராச்செரா, திரிப்பாஸ் எண்டு சொல்லுகினம், அதை எங்கட இறைச்சிக்கடையில என்னெண்டு கேக்கிறது, அங்க எல்லாத்தையும் கறித்துண்டா வெட்டித்தானே தருவினம். எங்கட மாடும் முத்தல், இழுக்குமோ எண்டு பயமா கிடக்கு. குடலை பச்சையா தணலில போடுறதோ, அவிச்சுப்போட்டு சுடுறதோ? தெரிஞ்ச ஆக்கள் சொல்லுங்கோ.

சிரட்டைக்கரி:
தம்பி, அராச்செரா எண்டது பிரிமென்றகடு, நெஞ்சுக்கூட்டுக்கும் வயித்துக்கும் நடுவில இருக்கிற நீளத் தட்டைத் தசை. ஒரு மாட்டில கொஞ்சம்தான் வரும், அதால முதல் நாளே கடைக்காரரிட்ட சொல்லி வையுங்கோ, துண்டு போடாமல் முழுசா எடுத்து வைக்கச் சொல்லுங்கோ, போயா வந்தா கடை பூட்டு, அதையும் பாருங்கோ. மேல இருக்கிற வெள்ளைச் சவ்வை கத்தியால கிளப்பி இழுத்து உரிச்சு எடுக்கோணும், அது கிடந்தா என்ன செய்தாலும் இழுக்கத்தான் செய்யும். பேந்து தணல் நல்லா சிவந்த பிறகு ஒரு பக்கத்துக்கு ரெண்டு நிமிஷம், கூடினா மூண்டு, எங்கட மாட்டில தசை மெல்லிசு எண்டபடியா அதுக்கு மேல விடாதேங்கோ. இறக்கி அஞ்சு நிமிஷம் ஆற விட்டு, நாருக்குக் குறுக்கால வெட்டுங்கோ. இதில நார் அகலப்பாட்டுக்கு ஓடும், அதால முதல் உள்ளங்கை நீளத்துக்கு துண்டாக்கி, பலகையில திருப்பி வைச்சிட்டு சீவோணும். பாதி மெது இந்த வெட்டிலதான் இருக்கு.

1930களில தெற்கு டெக்சாஸ் பண்ணையளில மாடு மேய்ச்ச மெக்சிக்கோக்காரருக்கு சம்பளத்தில ஒரு பங்கா தலை, குடல், இந்தத் தசை எல்லாம்தான் குடுத்தவை, அவை அதைக் கரியில சுட்டுச் சாப்பிட்டதில இருந்துதான் பஹீத்தா எண்ட, சுட்ட இறைச்சியைச் சீவி ரொட்டியில சுத்திச் சாப்பிடுற சாப்பாடு வந்தது.

குருநகர் அக்கா:
முதல் நாள் இரவே தேசிக்காய்ப்புளி, உள்ளி, உப்பு பிரட்டி வையுங்கோ, நல்லா மெதுவாகும்.

சிரட்டைக்கரி:
அக்கா குறை நினையாதேங்கோ, இரவு முழுக்கப் புளியில கிடந்தா மேல்பக்கம் வெந்த மாதிரி வெளிறி மாவாப் போகும். ஒரு மணித்தியாலம் காணும். வடக்கு மெக்சிக்கோவில சொனோரா பக்கத்தில கல்லுப்பு மட்டும்தான் போடுறவை, மெஸ்கீட் எண்ட மரத்தின்ர கரியில சுடுறவை. எங்களுக்குச் சிரட்டைக்கரி நல்ல சூடு தரும்.

ஒஸ்லோவில் இருந்து:
திரிப்பாஸ் சிறுகுடல், பாபத் இல்லை, பாபத் இரைப்பை, அதை அங்க மெனூடோ எண்டு சூப்பு வைப்பினம். குடலை பச்சையா தணலில போடவே வேண்டாம். உள்பக்கம் தண்ணி விட்டு விட்டு தெளிவா வரும்வரை கழுவி, வெங்காயம், உள்ளி, உப்பு போட்டு ஒண்டரை ரெண்டு மணித்தியாலம் அவியுங்கோ, ஒட்டியிருக்கிற கொழுப்பை முழுக்க வழிக்காதேங்கோ, அந்தக் கொழுப்பிலதான் பேந்து மொறுமொறுப்பா வரும். நாக்கும் அப்பிடித்தான், மூண்டு மணித்தியாலம் அவிச்சு சூட்டோட தோலை உரிச்சு, தடிப்பாச் சீவித் தணலில பிரட்டி எடுக்கோணும்.

ஆனா முத்தல் மாட்டுக்கு நான் சொல்லுறது தசாஹோ, உப்புத் தடவிக் கொஞ்சம் காய விட்ட மெல்லிசு இறைச்சி. தெற்கு மெக்சிக்கோவில ஒஹாக்கா நகரத்தில 'நவம்பர் 20' எண்ட பேருள்ள சந்தைக்குள்ள ஒரு ஒழுங்கை முழுக்கப் புகை, நிறுத்து வாங்கின இறைச்சியை அந்த இடத்திலயே சுட்டுத் தருவினம், பக்கத்தில வெங்காயத்தாளும் மிளகாயும் வாட்டுவினம், நான் சாப்பிட்டதிலயே மறக்கேலாத இறைச்சி அது. தொடையிறைச்சியை பாய் மாதிரி மெல்லிசா விரிச்சு வெட்டி, உப்புத் தடவி, கொஞ்சம் காய விடுறது. ஈரம் இறங்கினால் போதும், வத்தல் ஆக்க வேண்டாம். வெயில் இல்லாட்டி பிரிட்ஜில திறந்து வையுங்கோ. சுட ஒரு நிமிஷம்தான்.

பின்வளவான்:
பெரிய உதவி, தசாஹோவும் அராச்செராவும் செய்வம், குடலுக்கு அம்மாவைக் கேக்கோணும். இறைச்சியைச் சுத்திச் சாப்பிடுற மெல்லிசு ரொட்டி, அந்தத் தோர்த்தியாவுக்கு என்ன செய்யலாம்? கோதம்பை ரொட்டி சரிவருமோ?

ஒஸ்லோவில் இருந்து:
சரிவரும், வடக்கு மெக்சிக்கோவில கோதம்பைமாத் தோர்த்தியாதான் கூட. தேங்காய்ப்பூ போடாமல் மெல்லிசாத் தட்டுங்கோ. சோளத்தில செய்யிறதெண்டா சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணியில அவிச்சு ஊற விட்டு அரைக்கோணும், சும்மா சோளமா ஒட்டாது, உடையும். தொட்டுச் சாப்பிடுற சல்சாவுக்குத் தக்காளி, வெங்காயம், உள்ளி, பச்சை மிளகாய் எல்லாத்தையும் அதே தணலில தோல் கருகச் சுட்டு, அம்மியில ஒண்டிரண்டா அரைச்சு உப்பும் தேசிக்காயும் விடுங்கோ. மிக்சியில அடிச்சா தண்ணியாப் போகும்.